ஆனைமலைக் காட்டில் நான்கு நாள்: குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியில் நின்று தெற்கே பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கு மேலே நீலச் சுவர்போல எழுந்து நிற்பது ஆனைமலைத் தொடர். அடிவாரத்தில் வறண்ட முட்காடு, அதற்கு மேலே தேக்கும் மூங்கிலும் ஓங்கிய இலையுதிர்காடு, அதற்கும் மேலே ஈரம் காயாத மழைக்காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும் என்று காட்டின் வகைகள் அங்கே படிப்படியாக அடுக்கியிருக்கின்றன. ஒரே பயணத்தில், வயதானவர்களையும் சிறு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, இந்த அடுக்குகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட முடியும் என்பதால்தான், எந்தக் காட்டுக்கு முதலில் போகலாம் என்று கேட்கிற உறவினர்கள் எல்லோருக்கும் நான் ஆனைமலையைச் சொல்கிறேன்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உள்வட்டம் சுமார் 958 சதுர கிலோமீட்டர். அதற்குள் கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய மூன்று பகுதிகளைச் சேர்த்து ஏறத்தாழ 117 சதுர கிலோமீட்டர் நிலம் 1989இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமானது. தேசியப் பூங்காவின் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது அல்ல, அப்படி இருப்பதே முறை. நாம் போகக்கூடியவை அதன் விளிம்பிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற டாப்ஸ்லிப், அதை அடுத்துக் கேரள எல்லைக்குள் இருக்கிற பரம்பிக்குளம், மறுபக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற வால்பாறை ஆகிய மூன்றும்தான். குடும்பத்துக்கு இவை போதும், தாராளமாகவே போதும்.

நாங்கள் முதன்முறை போனபோது பதினொரு பேர் ஒரு வேனில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். அந்த இரண்டு நாளில் எங்கள் கண்ணில் அதிகமாகப் பட்டவை முன்னால் போன கார்களின் பின்புறங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஜனவரியில், அதே குடும்பத்தில் ஆறு பேர் மட்டும், நான்கு நாளுக்கு மூன்றே இடம் என்று போனோம். என் மாமியார் டாப்ஸ்லிப்பில் ஒரு திண்ணையில் உட்கார்ந்த இடத்திலேயே புள்ளிமான், காட்டுப்பன்றி, சாம்பல் மந்தி, மலை அணில் ஆகிய நான்கையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்தார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது பயணத்தின் வழியிலேயே செல்கிறது. இடங்களைக் குறைத்து, ஒவ்வோர் இடத்திலும் இருக்கிற நேரத்தைக் கூட்டினால் விலங்குகள் நம் கண்ணுக்கு முன்னே வருகின்றன. துரத்திப் போகிறவர்களுக்கு அவை வாலைத்தான் காட்டுகின்றன.

எந்த மாதம் போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை குடும்பத்துக்கு உகந்த காலம். மழை ஓய்ந்து, அட்டைகள் குறைந்து, காலையில் பனி இறங்கி, காடு இன்னும் பசுமை மாறாமல் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு தேக்கு இலையுதிர்ந்து காடு வெளிச்சமாகிவிடுவதால் தூரத்தில் நிற்கிற விலங்கும் தெரியும், தண்ணீர் தேடி அவை ஓடைகளுக்கும் குட்டைகளுக்கும் வரும். ஆனால் அதே காய்ந்த சருகுதான் காட்டுத்தீக்கும் விறகு என்பதால், வனத்துறை அந்த மாதங்களில் டாப்ஸ்லிப்பைச் சில வாரங்களுக்கு மூடிவிடுவதும் உண்டு. ஆகவே மார்ச், ஏப்ரலில் போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விடுப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழையை ரசிப்பவர்களுக்கு அது அழகான காலம்தான், ஆனால் கைக்குழந்தையோடும் மூட்டுவலிக்காரர்களோடும் போக ஏற்றதல்ல. எந்த மாதமானாலும் சனி, ஞாயிறுகளையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்த்து, திங்கள் முதல் வியாழனுக்குள் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தாலும் நட்டமில்லை என்பது என் கருத்து.

அனுமதி, தங்குமிடம், வழி

டாப்ஸ்லிப்பில் தனியார் விடுதி கிடையாது. வனத்துறையின் ஓய்வு இல்லங்கள் மட்டுமே உண்டு, அவற்றைப் புலிகள் காப்பகத்தின் இணையதளம் வழியாக முன்பதிவு செய்ய வேண்டும். அறைகள் எளிமையானவை, வெந்நீருக்கும் மின்சாரத்துக்கும் வீட்டில் இருப்பதுபோல உத்தரவாதம் எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் ஓர் இரவாவது அங்கே தங்குவதற்காகத் தேதியையே மாற்றிக்கொள்ளலாம் என்பேன். பகல்நேரப் பயணிகள் எல்லோரும் மாலையில் இறங்கிப் போன பிறகுதான் மான்கூட்டம் புல்தரைக்கு வருகிறது, அந்த ஒரு மணி நேரமும் மறுநாள் விடியற்காலையும் தங்கியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அறை கிடைக்காவிட்டால் சேத்துமடை, ஆனைமலை ஊர்களைச் சுற்றியுள்ள தோப்பு வீடுகளில் தங்கி, சோதனைச்சாவடி திறக்கிற நேரத்துக்கே போய் நிற்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் சுமார் 37 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். வரைபடத்தில் டாப்ஸ்லிப்பும் வால்பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, காட்டுக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் பலர். அப்படிப் பயணிகளுக்கான பாதை இல்லை. டாப்ஸ்லிப்பிலிருந்து சமவெளிக்கு இறங்கி, ஆழியாறு போய், மீண்டும் ஏற வேண்டும். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

வால்பாறைக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாளே பதிவுசெய்து, கைப்பேசியில் ஒன்றும் தாளில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாவடியில் நிற்கிறபோது சமிக்ஞை கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. டாப்ஸ்லிப்பில் பெட்ரோல் நிலையம் இல்லை. பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள், ரொக்கமும் எடுத்துவிடுங்கள். அன்றாடம் சாப்பிடுகிற மாத்திரைகள் பெரியவர்களுக்கு இரண்டு நாளுக்கு மிகுதியாகவே இருக்கட்டும்.

என்னென்ன எடுத்துச் செல்வது

உடை பற்றி ஒரே விதி: காய்ந்த இலையின் நிறம், பச்சை, சாம்பல், மண்ணிறம் ஆகியவை நல்லவை, வெள்ளையும் பளீர்ச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். வாசனைத் தைலமும் அத்தரும் வேண்டாம். ஜனவரிக் காலையில் திறந்த வண்டியில் குளிர் காதுக்குள் இறங்கும் என்பதால் பாட்டி தாத்தாவுக்கு மப்ளரும், குழந்தைகளுக்குக் குல்லாவும் தேவை. ஈரமான மாதங்களில் முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறையை வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல், கொஞ்சம் உப்போ சுண்ணாம்போ தொட்டுவைத்தால் தானே விழுந்துவிடும். இரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசிவது அட்டையின் எச்சிலால்தான், அதைக் கண்டு குழந்தை பயப்படாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செலவு செய்வதென்றால் ஒரு நல்ல இருநோக்கிக்கு, அதாவது பைனாகுலருக்கு, செய்யுங்கள். பெரியவர்களுக்கு 8x42 அளவும், சிறுவர் கைக்கு 8x30 அளவும் பொருந்தும். இதை வாங்கி அப்படியே காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், கருவிக்குள் வெறும் இலைகளையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மொட்டைமாடியில் பழக வேண்டும். தூரத்தில் ஒரு காகத்தைக் கண்ணாலேயே குறிவைத்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல், தலையை அசைக்காமல், கருவியை மட்டும் கண்ணுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். முதல் நாள் பத்து முறைக்கு ஒருமுறைதான் காகம் அகப்படும், வார முடிவில் பத்துக்கு எட்டு முறை அகப்படும். ஏழு வயதுக் குழந்தைகூட இதைக் கற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்குத்தான் நாள் பிடிக்கிறது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி முதல் தடை உண்டு, காட்டுச் சாவடிகளில் பைகளைத் திறந்தே பார்ப்பார்கள். ஆளுக்கொரு எஃகுக் குப்பி, தின்பண்டத்துக்கு டப்பா, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியும் மதுவும் கொண்டுபோகக் கூடாது. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் நாள்: டாப்ஸ்லிப்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையின் தேக்கு மரங்கள் கப்பல் கட்டுவதற்காக வெட்டப்பட்டபோது, மேட்டின் விளிம்பிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அவை மேலிருந்து (டாப்) சறுக்கி (ஸ்லிப்) இறங்கிய இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் என்ற பெயர். வெட்டி முடித்த காட்டை மீட்டவர் ஹ்யூகோ வுட் என்ற வன அலுவலர். 1910களிலும் 20களிலும் இங்கே பணியாற்றிய அவர், கைத்தடியின் முனையால் மண்ணில் குழி போட்டு நடக்கிற வழியெல்லாம் தேக்கு விதைகளை ஊன்றிக்கொண்டே போவார் என்று இங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பிலேயே, அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே இருக்கிறது. நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருள்படும் இலத்தீன் வரி அதில் பொறித்திருக்கிறது. குழந்தைகளை முதலில் இங்கே கூட்டிப்போய், அந்த வரியின் பொருளைச் சொல்லி, பிறகு தலையை உயர்த்தச் சொல்லுங்கள். காடு என்பது எப்போதும் தானாக இருந்துவந்த ஒன்றல்ல, அழிந்தும் மீட்கப்பட்டும் வந்தது என்பது அவர்களுக்கு அந்த இடத்தில் புரிகிற அளவுக்கு வேறெங்கும் புரியாது.

வனத்துறையின் வண்டிச் சவாரிக்கு வரவேற்பு மையத்தில் சீட்டு வாங்க வேண்டும். நாளின் முதல் வண்டி, அல்லது கடைசி வண்டி; நடுப்பகல் வண்டியில் போவதைவிட அறைவாசலில் உட்கார்ந்திருப்பது மேல். ஏறுமுன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வந்துவிட வேண்டும், ஏனென்றால் நடுவழியில் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள். வண்டிக்குள் பேசக் கூடாது என்று குழந்தையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுங்கள். ஒரு குழந்தை இடப்பக்கத்தை மட்டும் பார்க்கட்டும், இன்னொன்று மரத்தின் உச்சிகளை மட்டும் பார்க்கட்டும், பாட்டி சத்தங்களை மட்டும் கவனிக்கட்டும். கண்டதும் கத்தாமல், பக்கத்தில் இருப்பவரின் தோளை இருமுறை தட்டுவது என்று சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டைப் பார்ப்பதில் பாதி, கேட்பதுதான். புள்ளிமானும் சாம்பல் மந்தியும் ஒன்றாக இருப்பதை டாப்ஸ்லிப்பில் அடிக்கடி காணலாம். மந்தி மேலிருந்து இலையையும் காயையும் கடித்துப் பாதியில் போடுகிறது, மான் கீழே நின்று அதைத் தின்கிறது. மேலே இருப்பது தூரத்தைப் பார்க்கிறது, கீழே இருப்பது மோப்பம் பிடிக்கிறது, ஆபத்தை எது முதலில் உணர்ந்தாலும் மற்றதுக்குத் தெரிந்துவிடுகிறது. மந்தி இருமுவதுபோலக் குரைத்தால், மான் கீச்சென்று ஒற்றை ஒலி எழுப்பி முன்னங்காலால் தரையைத் தட்டினால், அல்லது மிளா என்கிற கடமான் கனத்த குரலில் திரும்பத் திரும்பக் கத்தினால், அருகில் சிறுத்தையோ புலியோ செந்நாய்க் கூட்டமோ நடமாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாவிட்டாலும், போகலாம் என்று யாரும் அவசரப்படுத்தாதீர்கள். புலி கண்ணில் படுவது அரிது, அதை எதிர்பார்த்துப் போகிற குடும்பம் காட்டுமாட்டைக் கூடப் பொருட்படுத்தாமல் திரும்பிவிடுகிறது. ஒரு டன் வரை எடை வருகிற, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற அந்த உயிர், இருபதடி தூரத்தில் நம்மைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கிடைப்பது சிறிய பேறு அல்ல.

வழிகாட்டியோடு நடக்க அனுமதி கிடைத்தால், முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் எல்லோரும் போங்கள். நடக்கும்போது தரையைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். ஈரமண்ணில் நான்கு விரல் தடம் இருந்து நக முனைகள் பதியாமல் இருந்தால் அது புலி, சிறுத்தை போன்ற பூனை இனம். நகமும் பதிந்திருந்தால் செந்நாயாக இருக்கலாம். கறையான் புற்றைத் தோண்டிப் பிளந்திருந்தால் கரடி வந்துபோயிருக்கிறது. வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர், மலைமலசர் போன்ற பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள். இந்தக் காடு அவர்களுடைய வீடு. வயதில் மூத்தவரென்றால் குழந்தைகள் அவரை ஐயா என்றோ அண்ணா என்றோ அழைக்கட்டும். நீங்கள் கேள்வி கேட்டால் அவர் கதை சொல்வார். நீங்களே பேசிக்கொண்டிருந்தால் அவர் வழியை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

கோழிகமுத்தி முகாம்

டாப்ஸ்லிப்பிலிருந்து வனத்துறை வண்டியில் கோழிகமுத்தி யானைகள் முகாமுக்குப் போகலாம். ஊருக்குள் இறங்கும் காட்டுயானைகளைத் திருப்பியனுப்பப் பழக்கப்பட்ட கும்கிகள் இங்கே இருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற கலீம், 2023 மார்ச்சில் மரியாதை அணிவகுப்போடு பணி ஓய்வு பெற்றது. உணவு கொடுக்கும் வேளைக்குப் போய்ச் சேருவதுபோல நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராகி, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து உருட்டிய பெரிய கவளங்களைப் பாகன் யானையின் வாய்க்குள்ளேயே வைத்து ஊட்டுவதைக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் மறக்க மாட்டார்கள். பாகன் நிற்கச் சொன்ன கோட்டுக்கு அப்பால் ஓரடிகூடப் போகக் கூடாது. எவ்வளவு பழகியதாயினும் அது யானை. பொங்கல் சமயத்தில் இங்கே யானைப் பொங்கல் வைக்கிறார்கள். அதைக் காண விரும்பினால் கூட்டத்துக்கும் தயாராகப் போக வேண்டும்.

இரண்டாம் நாள்: பரம்பிக்குளம்

டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் ஆனப்பாடி சாவடியில் கேரளம் தொடங்குகிறது. பரம்பிக்குளம் கேரளத்துக்குச் சொந்தமானாலும் அதற்குப் போகிற சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான் இருக்கிறது என்பதால், இரண்டு மாநில வனத்துறைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உள்ளே வழிகாட்டியோடு கூடிய சவாரி உண்டு, அரை நாள் போதும். தூணக்கடவு நீர்த்தேக்கத்தின் கரையை மெதுவாகப் பாருங்கள். கரையோர மண்ணில் வெயில் காய்கிற முதலைகளும், எதிர்க்கரையில் தண்ணீருக்கு வருகிற காட்டுமாட்டுக் கூட்டமும் தெரியக்கூடும். இயற்கையாக வளர்ந்த மிகப் பழைய தேக்குகளுள் ஒன்றான கன்னிமாரா தேக்கும் இங்கேதான் இருக்கிறது. அதன் அடிமரம் ஏறத்தாழ ஏழு மீட்டர் சுற்றளவு கொண்டது, குடும்பமே கைகோத்து நின்றால்தான் கட்டியணைக்க முடியும். வழிகாட்டி அனுமதித்தால் எத்தனை பேர் தேவைப்படுகிறது என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: ஆழியாறிலிருந்து ஏற்றம்

காலை சிற்றுண்டிக்கு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரியும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுக் குழந்தைகள் மறக்கவில்லை. குமட்டல் வருகிறவர்களை முன்னிருக்கையில் உட்காரவைத்து, கைப்பேசியைப் பார்க்காமல் சாலையின் தூரப் புள்ளியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; எலுமிச்சையோ இஞ்சித்துண்டோ கையில் இருக்கட்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில், பிரேக்கை இடைவிடாமல் மிதிக்காமல் இறங்க வேண்டும்.

ஏற்றத்தின் தொடக்கத்தில் குரங்கு அருவி வருகிறது. இப்போது அதற்குக் கவியருவி என்று பெயர். கவி என்றால் குரங்கு என்ற பழைய சொல்லைக் குழந்தைகள் இங்கே கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள், அதைப் பற்றிச் சாவடியில் வாதாடுவதில் பயனில்லை.

ஒன்பதாம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் ஆழியாறு அணையும் சமவெளியும் காலடியில் விரிகின்றன. எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் திரும்பி, சாலைக்கு மேலே இருக்கிற பாறைச் சரிவைப் பாருங்கள். பழந்தமிழில் வருடை என்று அழைக்கப்பட்ட, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, இந்த வளைவுகளை ஒட்டிய பாறைகளில் நிற்கும், பாறையின் நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் தெரியும். உலகில் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத விலங்கு அது. சில நேரம் சாலைக்கே இறங்கிவந்து நிற்கும். அப்போது பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காத வருத்தம் வருகிறது, ஏனென்றால் சாலையோரம் நிற்கப் பழகிய ஆட்டுக்கு அடுத்த வண்டி எமனாகிறது. காட்டுயிர்களுக்கு உணவு கொடுக்கவும் அவற்றைச் சீண்டவும் கூடாது என்பது சட்டம், 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குத் தண்டனையும் உண்டு.

வால்பாறை

மேலே ஏறியதும் முதலில் தெரிவது தேயிலை. வாரிவிட்டதுபோன்ற அந்தப் பச்சையைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். உண்மையில் அது மழைக்காட்டை வெட்டி உண்டாக்கிய நிலம். காட்டின் எச்சங்கள் தோட்டங்களுக்கு நடுவே தீவுகள்போல நிற்கின்றன, விலங்குகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குத் தேயிலை வழியாகவும் சாலை வழியாகவும் கடக்கின்றன. வால்பாறையில் விலங்குகளை இவ்வளவு அருகில் காண முடிவதற்கும், இங்கே இவ்வளவு கவனமாக இருக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான்.

புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரக் காட்டில் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குகளைக் காணலாம். கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெளிறிய பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால் ஆகியவற்றால் அடையாளம் தெரியும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளை விட்டால் உலகில் அதற்கு வேறு வீடு இல்லை. சாலை கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, மரத்துக்கு மரம் குறுக்கே நாடாப் பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும். வண்டியைத் தள்ளி நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உணவை வெளியே காட்டாமல் உள்ளிருந்தே பாருங்கள். கூடவே உடல் முழுதும் கருத்து, தலை மட்டும் பழுப்பேறிய கருமந்தியும் வரும், இரண்டையும் பிரித்தறிவது குழந்தைகளுக்கு நல்ல பயிற்சி.

இருவாச்சிப் பறவைக்காகவே வால்பாறைக்கு வருகிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். பெரிய இருவாச்சி பறந்து வரும்போது சிறகிலிருந்து எழுகிற ஓசை, பழைய நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல முன்னதாகவே காதில் விழும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பெட்டை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையே குழைத்து வாசலைப் பூசி, அலகு மட்டும் நுழைகிற கீற்றை விட்டுவைக்கிறது. குஞ்சு வளர்ந்து பெட்டை வெளிவரும் வரை ஆண்தான் அத்தி முதலிய பழங்களை விழுங்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுகிறது. அந்த மாதங்களில் ஆண் பறவை செத்தால் மரத்துக்குள் இருப்பவற்றின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள். கூடு இருக்கும் மரத்தை யாராவது காட்டினால் தூரத்திலிருந்தே இருநோக்கியால் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்துக்குள் நகர்ந்துவிட வேண்டும், இருப்பிடத்தை இணையத்தில் பகிரக் கூடாது. பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்து, காலை ஏழு முதல் ஒன்பது வரை அதன் எதிரே அமைதியாக உட்காருவது இன்னும் நல்ல வழி. இருவாச்சி வராவிட்டாலும் மலை அணிலும் பச்சைப்புறாக்களும் வந்துகொண்டே இருக்கும்.

காட்சிக்கென்று ஒரு மாலையை ஒதுக்குவதானால் நல்லமுடி பூஞ்சோலைக்குப் போங்கள். தேயிலைச் சரிவின் முடிவில் பள்ளத்தாக்கு திடீரென்று விழுகிறது, எதிரே ஆனைமுடியின் திசையில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியே தென்னிந்தியாவின் உச்சி. மேகம் மூடிவிட்டால் அரை மணி நேரம் காத்திருங்கள், பெரும்பாலும் விலகும்.

இனி எச்சரிக்கைகள். இவற்றைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உயிர்கள் போயிருப்பதால் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் வால்பாறை, பொள்ளாச்சிச் சாலையில் யானை நின்றபோது மோட்டார் சைக்கிளில் கடக்க முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்தார். சாலையில் யானை நின்றால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே நிறுத்தி, ஒலிப்பானையும் பெருவிளக்கையும் தொடாமல், பின்னோக்கி நகர இடம் விட்டுக் காத்திருங்கள். அது காதுகளை விரித்து அசையாமல் உங்களையே பார்த்தால் உடனே பின்வாங்க வேண்டும். வால்பாறைத் தோட்டங்களில் சில இடங்களில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு மின்னும். அருகில் யானைக்கூட்டம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உள்ளூர் மக்களுக்குக் குறுஞ்செய்தியும் போகிறது என்பதால், விடுதிக்காரரிடம் இன்று யானை எந்தப் பக்கம் என்று தினமும் காலையிலும் மாலையிலும் கேளுங்கள். சிறுத்தை தாக்கித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகள் இறந்த துயரங்கள் இங்கே நடந்திருக்கின்றன. இருட்டத் தொடங்கிய பிறகு குழந்தைகளை முற்றத்தில்கூடத் தனியாக விடக் கூடாது, தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து விளையாட எந்த நேரத்திலும் விடக் கூடாது. மாலை ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது.

நான்காம் நாள்: இறக்கம்

மாலைகளில் எல்லோரும் அறையில் சேர்ந்திருக்கும்போது, அன்று கண்டதையும் கேட்டதையும் ஒரு நோட்டில் எழுதவையுங்கள். எழுதத் தெரியாத குழந்தை வரையட்டும். பெயர் தெரியாத பறவையின் நிறத்தையும் அலகையும் குறித்துவைத்தால் ஊர் திரும்பிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பறவைப் பட்டியலை இ-பேர்டு செயலியில் பதிந்தால், அது ஆய்வாளர்களுக்கும் பயன்படுகிறது.

திரும்பும் நாளில் காலை ஏழு மணிக்கு வால்பாறையிலிருந்து கிளம்புங்கள். அந்த நேரத்தில் ஓடைப் பாலங்களை ஒட்டி, யாரோ ஒரு சிறுவன் நினைத்தபடி விசிலடித்துக்கொண்டு நடப்பதுபோல ஒரு பாட்டு கேட்கும். அது சீகாரப் பூங்குருவி. கண்ணாடியை இறக்கி, வண்டியை மெதுவாக ஓட்டினால் இரண்டு மூன்று இடங்களிலாவது கேட்டுவிடலாம். ஒன்பதாம் வளைவில் இன்னொரு முறை பாறைகளைப் பார்த்துவிட்டு, ஆழியாறு சாவடியில் நீங்கள் கொண்டுவந்த குப்பைப் பையைக் காட்டிவிட்டுப் பொள்ளாச்சிக்கு எடுத்துச் சென்று அங்கே போடுங்கள். காலணிகளிலும் இருக்கைகளுக்கு அடியிலும் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாம்.